ஆழத்தில் மூச்சு வாங்கினால்...

சிலிண்டரில் காற்று நிறைய இருக்கிறது; கருவியும் பழுதில்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிறது. நீருக்கடியில் முக்குளிப்பவரின் உடம்பில் கரியமில வாயு சேரும்போது என்னதான் நடக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில் புஷ்மன்ஸ் ஹோல் என்றொரு நன்னீர்க் குகை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பாறை இடுக்கில் ஒரு சின்னக் குட்டை, அவ்வளவுதான். உள்ளே இறங்கினால் 270 மீட்டருக்கும் கீழே போகும் பெரும் பள்ளம். 2005 ஜனவரி 8 அன்று டேவ் ஷா என்ற 50 வயது ஆஸ்திரேலிய விமானி அதற்குள் இறங்கினார். 1994 டிசம்பரில் இதே குகையில் மூழ்கிப்போன டியான் டிரேயர் என்ற 20 வயது இளைஞரின் உடல் பத்து ஆண்டுகளாக அடியில் கிடந்தது. 2004 அக்டோபரில் அதைக் கண்டுபிடித்தவர் ஷாதான். பெற்றோரிடம் மகனின் உடலை ஒப்படைக்க வேண்டும் என்பதற்காகவே மறுபடியும் இறங்கினார்.

அவருடைய தலைக்கவசத்தில் கேமரா பொருத்தப்பட்டிருந்தது. அன்று நடந்தது அதில் பதிவாகியிருக்கிறது. அடியைத் தொட்ட ஷா, கையோடு கொண்டுபோன பைக்குள் உடலை நுழைக்கப் பார்க்கிறார். சேற்றில் புதைந்து கிடக்கும் என்று நினைத்த உடல் விடுபட்டு மிதக்கிறது. பைக்குள் அடங்க மறுக்கிறது. அவர் போராடப் போராட மூச்சுச் சத்தம் வேகமெடுக்கிறது. ஒதுக்குப்புறமாக வைத்திருந்த விளக்கின் ஒயர் கயிற்றில் சிக்கிக்கொள்கிறது. வேலையை விட்டுவிட்டுத் திரும்ப முயல்கிறார், முடியவில்லை. மூச்சு இன்னும் வேகமாகிறது, பிறகு தளர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. நான்கு நாள் கழித்து, மற்ற முக்குளிப்பாளர்கள் குகையிலிருந்த கயிறுகளை மேலே இழுத்தபோது ஷா, டிரேயர் இருவரின் உடல்களும் சேர்ந்தே எழும்பி வந்தன.

சுவாசிக்க ஆக்சிஜன் இல்லாமல் ஷா இறக்கவில்லை. நியூசிலாந்து மருத்துவர் சைமன் மிட்செலும் சக ஆய்வாளர்களும் அந்தக் காணொலியை மூச்சு மூச்சாக ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆழத்தில் உள்ளே போன வாயு மிக அடர்த்தியானது. அதை இழுத்து வெளிவிடும் உழைப்புக்கு நுரையீரல் ஈடுகொடுக்கவில்லை. உடம்பு உற்பத்தி செய்த கரியமில வாயுவை வெளியேற்ற முடியாமல், அது ரத்தத்தில் ஏறி அவர் நினைவிழந்தார். இதுதான் அவர்கள் கண்ட முடிவு.

270 மீட்டர் என்பது நம்மில் யாரும் போகாத ஆழம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவரைக் கொன்ற விதி 20 மீட்டரிலும் வேலை செய்கிறது. கடலுக்கடியில் போகிற ஒவ்வொருவரும், அவர்களை அழைத்துப் போகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

மூச்சை ஆட்டுவிப்பது எது?

மூச்சை அடக்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் நெஞ்சு தவிக்கும். ஆக்சிஜன் குறைவதால்தான் அந்தத் தவிப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் வேண்டிய அளவு இருக்கும். தவிக்கச் செய்வது சேர்ந்துபோன கரியமில வாயு.

ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1905-ல் இதைத் தெளிவாக்கினார்கள். நாம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறோம் என்பதைச் சாதாரண நிலையில் தீர்மானிப்பது நுரையீரலில் உள்ள கரியமில வாயுவின் அளவுதான். மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறது. தமனி ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரசம். இது ஒரு மில்லிமீட்டர் கூடினால் போதும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகச் சுவாசிக்கும்படி முகுளம் உத்தரவு போடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உற்பத்தி செய்கிறது. கடுமையாக உழைத்தால் அது பத்து மடங்குக்கு மேலும் போகும். அவ்வளவையும் வெளியேற்றி 40-லேயே நிறுத்தி வைப்பது நுரையீரலின் பொறுப்பு. தரையில் இதை நாம் உணர்வதே இல்லை. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்கும், நின்றால் தணிந்துவிடும். நீருக்கடியில் இந்த ஏற்பாடு எளிதில் நிலைகுலைகிறது.

அடர்த்தி என்னும் சுமை

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் நான்கு மடங்கு. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றை அளந்து தரும் ரெகுலேட்டர் வழியே வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வருகிறது. ஆகவே ஒரே அளவு மூச்சில் நான்கு மடங்கு மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. கடல்மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் இருக்கும் காற்று 30 மீட்டரில் 5 கிராமை எட்டுகிறது. இந்தக் கனத்த காற்றை மூச்சுக்குழல்களின் வழியே இழுத்துவிட நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். முழு முயற்சியோடு ஒருவர் நிமிடத்துக்கு இழுத்துவிடக்கூடிய காற்றின் அளவு, 30 மீட்டரில் மேற்பரப்பில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

மூச்சை வெளியே தள்ளுவதில்தான் பெரிய சிக்கல். தேர்த்திருவிழாவில் கோயிலின் குறுகல் வாசலில் கூட்டம் முண்டியடித்தால் யாருமே வெளியே வர முடியாமல் அடைத்துக்கொள்ளுமே, அதுபோலத்தான். கனத்த வாயுவை வேகமாக வெளியேற்ற நெஞ்சை அழுத்தும்போது அந்த அழுத்தமே மென்மையான மூச்சுக்குழல்களையும் நசுக்குகிறது. அதற்குமேல் எவ்வளவு முக்கினாலும் வெளியேறும் அளவு கூடாது. ஷாவின் நுரையீரலுக்குள் போனது ஹீலியம் கலந்த வாயுதான். இருந்தும் 270 மீட்டரில் அது கடல்மட்டக் காற்றைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனமாக இருந்தது. அவருடைய உடம்பு அந்த வரம்பில் முட்டி நின்றது.

இங்கேதான் விஷச் சுழல் தொடங்குகிறது. மூச்சுத் தசைகளும் தசைகள்தானே. உழைத்தால் அவையும் கரியமில வாயுவை உண்டாக்கும். ஒரு கட்டத்துக்குமேல், கூடுதலாக விடும் ஒவ்வொரு மூச்சும் வெளியேற்றுவதைவிட அதிகமாக அந்த வாயுவைச் சேர்க்கிறது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல்களோடு நின்றுவிடும், நுரையீரலின் காற்றறைகளைத் தொடாது. குட்டிக் குட்டியாக, வேகமாக விடும் மூச்சில் பெரும்பங்கு இந்த வீண் இடத்துக்குள்ளேயே போய் வருகிறது. மூச்சு வாங்குபவருக்கு நிறையச் சுவாசிப்பதாகத் தோன்றும், ஆனால் உள்ளே சேரும் வாயு வெளியே போவதில்லை.

இந்தச் சுமையைக் கணக்கிட்டு கேவின் ஆன்டனியும் சைமன் மிட்செலும் 2016-ல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தார்கள். சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எந்த நிலையிலும் 6.2 கிராமைத் தாண்டக் கூடாது. வெறும் காற்றோடு போனால் 30 மீட்டரைக் கடந்ததுமே முதல் வரம்பும் 40 மீட்டருக்குள் இரண்டாவதும் வந்துவிடும். இன்று தொழில்முறையாகப் பயிற்சி பெறும் ஆழ்முக்குளிப்பாளர்கள் எந்த வாயுக் கலவையைச் சுவாசிப்பது என்று திட்டமிடும்போது ஆக்சிஜன் கணக்கோடு இந்த அடர்த்திக் கணக்கையும் போடுகிறார்கள்.

ஹெல்மெட்டுக்குள் பிடித்த காற்று

ஆழத்தில் இந்த வாயு செய்யும் கேட்டை முதலில் பிடித்தவரும் ஹால்டேன்தான். 1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை முக்குளிப்பாளர்கள் செம்பு ஹெல்மெட்டோடு இறங்குவார்கள். மேலிருந்து கைப்பம்பு மூலம் காற்று போகும். சற்றே ஆழம் போனதும் வேலை செய்ய முடியாமல் மூச்சிரைத்துத் துவண்டுபோவார்கள். கடலின் அழுத்தம் உடம்பைப் பிழிகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். கடற்படை 1905-ல் அமைத்த குழுவில் சேர்ந்த ஹால்டேன், ஹெல்மெட்டுக்குள் இருந்த காற்றை மாதிரி எடுத்துப் பரிசோதித்தார். கரியமில வாயு தேங்கிக் கிடந்தது. பம்புகள் கசிந்தன, ஆழத்துக்கு ஏற்ற காற்று கீழே போய்ச் சேரவில்லை.

அவர் கண்ட கணக்கு எளியது. சுவாசிக்கும் காற்றில் அந்த வாயு 1 சதவீதம் இருந்தால் மேற்பரப்பில் பெரிய தொல்லை இல்லை. அதே காற்றை ஐந்து மடங்கு அழுத்தமுள்ள 40 மீட்டரில் சுவாசித்தால், மேற்பரப்பில் 5 சதவீதம் கலந்த காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆழம் கூடக் கூட அனுப்பும் காற்றின் அளவும் அழுத்தத்துக்கு ஏற்றபடி கூட வேண்டும் என்றார். அப்படிச் செய்ததும் அதே மனிதர்கள் அதே ஆழத்தில் தெளிவாக வேலை செய்தார்கள்.

அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் இதே பாதையில் போனார். 1939 ஜூனில் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி வெள்ளோட்டத்தின்போது மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அடைபட்டவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அறிய, அவரே கரியமில வாயு சேரும் அறைக்குள் தோழர்களோடு அடைந்து கிடந்தார். தலைவலியையும் மூச்சிரைப்பையும் தன் உடம்பிலேயே அளந்தார். 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்து இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான் இவர்.

சுண்ணாம்பு கைவிடும்போது

ஷா பயன்படுத்தியது ரீபிரீத்தர் என்ற கருவி. சாதாரண ஸ்கூபாவில் விடும் மூச்சு குமிழியாக வெளியே போய்விடும். ரீபிரீத்தரில் அது வெளியேறாது; ஒரு டப்பா வழியாகச் சுற்றி மறுபடியும் வாய்க்கே வரும். அந்த டப்பாவில் இருப்பது சோடா சுண்ணாம்பு மணிகள். கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கல்லாக மாறும், கூடவே நீரும் சூடும் வரும். குறைந்த ஆக்சிஜனைக் கருவி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடும். அதனால் மணிக்கணக்கில் கீழே இருக்கலாம்.

சுண்ணாம்பு தீர்ந்துபோனால், மணிகள் சரியாக நிரப்பப்படாமல் நடுவே இடுக்கு விழுந்தால், ஒரு ரப்பர் வளையம் விடுபட்டால், விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயு அப்படியே திரும்பி வரும். இரண்டாம் உலகப் போரில் ஆக்சிஜன் ரீபிரீத்தரோடு இறங்கிய பிரிட்டிஷ் கடற்படையினர் சிலர் மிகக் குறைந்த ஆழத்திலேயே நினைவிழந்தார்கள். 1944-ல் இதை ஆராய்ந்த பார்லோவும் மெக்கின்டாஷும் கைகாட்டியதும் இதே வாயுவைத்தான்.

இறங்குமுன் ஐந்து நிமிடம் கருவியில் சுவாசித்துப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நெடுநாள் நம்பினார்கள். நியூசிலாந்தில் 20 பேரை வைத்து அதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். சுண்ணாம்பே இல்லாத கருவியில் 15 பேர் சுவாசிப்பதை நிறுத்தினார்கள். ஐந்து பேர் நிறுத்தவே இல்லை. பாதி பழுதான கருவியில் கண்டுபிடித்து நிறுத்தியவர்கள் வெறும் 2 பேர். உடம்பின் எச்சரிக்கையை நம்பி இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

1950-களில் அமெரிக்கக் கடற்படைக்காக ஆராய்ந்த எட்வர்ட் லான்ஃபியர் இன்னொன்றையும் கண்டார். நீருக்கடியில் கடுமையாக உழைக்கும்போதும் சிலருடைய மூச்சு வேகமெடுப்பதில்லை. கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், அவர்களோ சாவதானமாக இருப்பார்கள். காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்குபவர்கள் சில நேரம் இவர்கள்தான்.

புத்தியைக் கவ்வும் வாயு

ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தாண்டும்போது சிந்தனை மங்கத் தொடங்குகிறது. 90-ஐ நெருங்கினால் நினைவு தப்பலாம். அதற்கு முன்பே தலை பாரமாகி நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். முகம் சூடேறும். காரணமில்லாமல் பயம் கவ்வும். இப்போதே மேலே போய்விட வேண்டும் என்ற வெறி எழும். அதற்கு இணங்கி மளமளவென்று மேலேறினால் நுரையீரல் கிழியலாம், ரத்தத்தில் குமிழிகள் உண்டாகலாம்.

இதோடு வேறு இரண்டு ஆபத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கம் ஏற்கெனவே உண்டு. கரியமில வாயு அதைக் கூட்டிவிடும். மூளையின் ரத்தக் குழாய்களையும் அது விரிக்கிறது. அதனால் ஆக்சிஜன் மூளைக்குள் அதிகமாகப் பாய்ந்து, அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனால் வரும் வலிப்பு எளிதில் வந்துவிடும். நீருக்கடியில் வலிப்பு என்றால் வாயிலிருந்து கருவி நழுவும், முக்குளிப்பவர் மூழ்கிவிடுவார்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஷிஸ்கோ கிராஸியா என்ற முக்குளிப்பாளர் 2017 ஏப்ரலில் சா பிகேட்டா நீர்க்குகையில் வழிகாட்டிக் கயிற்றை இழந்தார். மிஞ்சிய காற்றைத் தோழருக்குக் கொடுத்து, உதவி அழைத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு காற்றறையில் தங்கினார். அங்கிருந்த காற்றில் கரியமில வாயு சுமார் 5 சதவீதம். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். தலைவலி விடவே இல்லை. தூங்க முடியவில்லை. நீருக்குள் விளக்கொளி தெரிவதாகவும் யாரோ குமிழிவிட்டு வருவதாகவும் தோன்றியது; திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. 60 மணி நேரம் கழித்து மீட்கப்பட்டார். அசையாமல், பதறாமல் உட்கார்ந்து, உடம்பு உண்டாக்கும் வாயுவைக் குறைத்துக்கொண்டதும் அவர் பிழைத்ததற்கு ஒரு காரணம்.

குறைத்தாலும் ஆபத்து

மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கியே இறங்கினார்கள். நெஞ்சின் தவிப்பை மதித்து மேலேறத் தெரிந்தவர்கள் அவர்கள். இன்று மூச்சடக்கி நீந்தப் பழகும் இளைஞர்கள் சிலர் குறுக்குவழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். இறங்குமுன் படபடவென்று பலமுறை மூச்சை இழுத்துவிடுவார்கள். அதனால் ஆக்சிஜன் இருப்பு கூடுவதில்லை. கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடுகிறது. அது போனால் எச்சரிக்கை மணியும் போய்விடும். தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மேலேறும்போது அழுத்தம் குறைவதால் மிச்சமுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென விழ, மேற்பரப்பை நெருங்கும் வேளையில் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் நீச்சல் குளத்திலேயே இப்படி மூழ்கிவிடுகிறார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் சங்குக்குளிக்குப் போகிறவர்கள் இப்போது படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை நம்பி வேலை செய்கிறார்கள். நெடுநேரம் அடியில் குனிந்து தேடும் உழைப்பு அது. ஹால்டேன் சொன்ன பாடம் அவர்களுக்கு அப்படியே பொருந்தும்: குழாயில் காற்று தாராளமாக வரவேண்டும், கசிவு இருக்கக் கூடாது, எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் நுழையவே கூடாது.

மூச்சு வாங்கினால் செய்ய வேண்டியவை

கையிலுள்ள வேலையை உடனே விடுங்கள். பாறையையோ கயிற்றையோ பிடித்து உடம்பை அசையாமல் நிறுத்துங்கள். மெதுவாக, ஆழமாக இழுத்து, முழுதாக வெளியே விடுங்கள். கூட வந்தவருக்குச் சைகை காட்டுங்கள். மூச்சு தணிந்தாலும் அன்றைய முக்குளிப்பை முடித்துக்கொண்டு நிதானமாக மேலேறுங்கள். ரீபிரீத்தரில் இருந்தால் தாமதிக்காமல் மாற்றுச் சிலிண்டருக்கு மாறுங்கள். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் திரும்பக் கருவிக்கு வராதீர்கள். மூச்சிரைப்பு முற்றிவிட்டால், வாய்க்கருவியை எடுத்து மாற்ற ஒரு வினாடிகூட மூச்சை நிறுத்த முடியாது. காற்றை மிச்சப்படுத்த மூச்சை இடையிடையே அடக்கி வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வெளியே வந்ததும் தலைவலி இருந்தால் அன்று மறுபடி இறங்காதீர்கள்.

பெருமை எதில்?

புதுச்சேரி கடலிலும் அந்தமானிலும் ஸ்கூபா கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள். கடலடியைக் காணும் ஆசை நல்ல ஆசை. அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் படகில் திரும்பியதும் யாருடைய சிலிண்டரில் அதிகம் மிச்சம் என்று ஒப்பிட்டுக் கைதட்டும் பழக்கம் ஆபத்தானது. அந்தக் கைதட்டல்தான் அடுத்த முறை ஒருவரை மூச்சை அடக்கச் சொல்லும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதபோதும் நிறுத்த விடாமல் தடுக்கும்.

பயிற்சியாளர்கள் இதை மாற்ற முடியும். முதல் வகுப்பிலேயே, காதில் அழுத்தத்தைச் சமன் செய்யக் கற்றுத்தரும் அதே அக்கறையோடு, மூச்சிரைப்பை ஓர் அவசர நிலையாகக் கற்றுத்தர வேண்டும். அதற்கென ஒரு கைச்சைகையை எல்லோரும் பழக வேண்டும். ஆழமற்ற நீரில் வேண்டுமென்றே வேகமாக நீந்தவிட்டு, நிறுத்தி, மூச்சு தணிய எவ்வளவு நேரமாகிறது என்று மாணவர்களையே பார்க்கச் சொல்ல வேண்டும். தன் உடம்பில் ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

நீருக்கடியில் துணிச்சலுக்கும் பிடிவாதத்துக்கும் கரியமில வாயு எந்தச் சலுகையும் தருவதில்லை. அனுபவமும் விலையுயர்ந்த கருவியும் அதன் கணக்கை மாற்றுவதில்லை. பாதியில் சைகை காட்டித் திரும்பி வரும் மாணவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுகிற பயிற்சியாளரிடம் உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். அப்படிப்பட்டவரிடம் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.